தீ விபத்துக்குப் பின் கிளெய்ம் எழுதுகிறீர்களா? ‘டெஸ்ட்ராய்’ விஷயத்தில் கவனம்!

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களுக்கும், ராஜபாளையத்தில் பஞ்சு குடோன் வைத்திருப்பவர்களுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகடுப்பில் பால்கோவா கிண்டுகிறவர்களுக்கும் தீயைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தீ அணைந்த மறுநாள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இங்கிலீஷில் எழுதித் தருகிற அந்த ஒரு பக்கம்தான் பலரை இரண்டாம் முறை சுடுகிறது. மனசு உடைந்து “எல்லாம் போச்சு” என்கிறோம். எழுதிக் கொடுப்பவர் அதை ‘டெஸ்ட்ராய்ட்’ என்று போட்டுவிடுகிறார். சர்வேயர் வந்து பார்த்தால் பாதி பேல் அப்படியே இருக்கிறது. அவருக்குச் சந்தேகம் வர இது போதும்.

செய்ய வேண்டியவை

• மிச்சம் எதுவும் இல்லாத பொருளுக்கு மட்டும் ‘டெஸ்ட்ராய்ட்’ எழுதுங்கள். ரிப்பேர் பார்த்தோ விலை குறைத்து விற்றோ மீட்க முடிந்தால் அது ‘டேமேஜ்டு’. பாலிசியிலேயே இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

• தறி, பாவு, நூல் கோன், பேல், கூரை என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி போடுங்கள். மொத்தத்துக்கும் ஒரே சொல் போட்டால் ஒன்றில் வரும் கேள்வி எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கும்.

• ‘வாஸ்’ அல்லது ‘வேர்’ சேர்த்து எழுதுங்கள். தமிழில் சரக்கு ‘அழிந்தது’, தீ ‘அழித்தது’ என்று இரண்டு வினை உண்டு. இங்கிலீஷில் ‘டெஸ்ட்ராய்’ என்பது ‘அழித்தது’ மட்டும்தான். ‘த ஸ்டாக் டெஸ்ட்ராய்ட்’ என்றால் சரக்கு வேறெதையோ அழித்ததாக அர்த்தம் வரும். ‘த ஸ்டாக் வாஸ் டெஸ்ட்ராய்ட் பை ஃபயர்’ என்று காரணத்தோடு முடியுங்கள்.

• தண்ணீரும் புகையும் கெடுத்ததைத் தனியாகச் சொல்லுங்கள். தீயணைப்பு வண்டி அடித்த தண்ணீரில் ஊறிய பேலும், புகை நாற்றம் ஏறிய பால்கோவாவும் எரியவில்லை. ஆனால் விற்க முடியாது. ‘டேமேஜ்டு பை வாட்டர்’, ‘டேமேஜ்டு பை ஸ்மோக்’ என்று எழுதினால் விஷயம் தெளிவாகிவிடும்.

• இன்றைக்கே தகவல் கொடுங்கள். பழைய ஸ்டாண்டர்டு ஃபயர் பாலிசியில் நஷ்ட விவரத்தை எழுத்தில் தர 15 நாள்தான் கெடு. 2021 ஏப்ரல் 1 முதல் வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ (ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு தொழில்களுக்கானது) எடுத்திருந்தால் அந்தப் பாலிசியின் நிபந்தனையைப் படியுங்கள்.

• தீயணைப்புத் துறை அறிக்கையையும் போலீஸ் ஸ்டேஷனில் தந்த புகாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். அங்கே ‘பகுதி சேதம்’ என்றும் இங்கே ‘டெஸ்ட்ராய்ட்’ என்றும் இருந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

செய்யக்கூடாதவை

• “தானாகவே பிடித்துக்கொண்டது” என்று எழுதாதீர்கள். இந்த ஒரு வரிதான் மிகவும் ஆபத்தானது. பஞ்சு உள்ளுக்குள் சூடேறித் தானே எரிவதை அந்தப் பழைய ஸ்டாண்டர்டு பாலிசி விலக்கி வைத்திருக்கிறது. அதற்குத் தனியாக பிரீமியம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் உண்டு. “எப்படிப் பிடித்தது என்றே தெரியலை” என்கிற அர்த்தத்தில்தான் நம்மூரில் அப்படிச் சொல்கிறோம். காரணம் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். தெரிந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

• கூட்டி எழுதாதீர்கள். கிளெய்மில் ஏதாவது ஒரு பகுதி மோசடி என்று முடிவானால் மொத்த உரிமையும் போய்விடும் என்பது பாலிசியின் நிபந்தனை. உண்மையில் எரிந்ததற்கும் காசு வராது.

• பேப்பர் தலைப்பைப் பார்த்து ‘கட்டட்’, ‘ரேஸ்டு’ என்று போடாதீர்கள். சுவர் நிற்க, உள்ளே இருந்ததெல்லாம் எரிந்தால்தான் ‘கட்டட்’. மீனுக்குக் குடல் எடுக்கிற அதே சொல். ‘ரேஸ்டு’ என்றால் தரைமட்டம். அதையும் எழுத்துப் பிழையாக எழுதினால் ‘எழுப்பப்பட்டது’ என்று நேர்மாறாகிவிடும்.

• விழுந்த சுவருக்கு ‘டெமாலிஷ்டு’ எழுதாதீர்கள். அது ஆள் வைத்து இடிப்பது. தானாகச் சரிந்தால் ‘கொலாப்ஸ்டு’.

• சர்வேயர் பார்க்கும் முன் எதையும் இடிக்காதீர்கள், கொட்டாதீர்கள். கெட்ட சரக்கை அகற்றியே ஆக வேண்டும் என்றால் போட்டோ எடுத்து, கம்பெனியின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகு ‘வீ டெஸ்ட்ராய்ட் த ஸ்டாக்’ என்று எழுதலாம். இங்கே அழித்தது நீங்கள்தான், அதனால் வாக்கியம் சரி.

• படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வேறொருவர் நிரப்பிய ஃபாரமாக இருந்தால், ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

• கிளெய்மை நிராகரித்தால் வாய்வார்த்தையோடு திரும்பிவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரியிடம் கொடுங்கள். அங்கே வழி பிறக்காவிட்டால் 155255 என்ற இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணைய (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) எண்ணிலோ ‘பீமா பரோசா’ தளத்திலோ புகாரைப் பதியுங்கள்.