ராக், புளூஸ் இசைத்தட்டுகளைச் சேகரிப்பில் சேர்க்கும் முறை

புதிதாக வாங்கிய எல்.பி. தட்டு, அதாவது நிமிடத்திற்கு 33⅓ சுற்றுகள் சுழலும் நெடுநேர இசைத்தட்டு, கழுவப்பட்டு, அடையாளம் காணப்பட்டு, பதிவேட்டில் ஏறிய பிறகே அலமாரிக்குச் செல்ல வேண்டும். ஆவடி, அம்பத்தூர் புறநகர் ரயில்கள் சென்றடையும் முனையத்திற்குப் பெயர் தந்த மூர் மார்க்கெட், பழைய நூல்களுக்கும் தட்டுகளுக்கும் புகழ்பெற்றிருந்து 1985ஆம் ஆண்டுத் தீயில் அழிந்துவிட்டது. இன்று பழைய தட்டுகள் பெரும்பாலும் வீட்டுப் பரண்களிலிருந்து வெளிவருவதால், அவற்றோடு தூசியும் பூஞ்சையும் சேர்ந்தே வருகின்றன.

முதலில் தட்டை டியூப்லைட்டின் கீழ்ச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நகத்தில் தட்டுப்படாத மெல்லிய கோடுகளைப் பொறுத்துக்கொள்ளலாம். நகத்தைத் தடுக்கும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒலிக்கும்.

கழுவுவதற்கு ஆழ்துளைக் கிணற்று நீர் கூடாது. அதன் உப்பு, ஊசி ஓடும் நுண்பள்ளங்களில் காய்ந்து படிந்து வெடிப்பொலியை உண்டாக்கும் என்பதால், பேட்டரிக் கடைகளில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை மென்துணியில் நனைத்து, நடுவிலுள்ள லேபிள் ஈரமாகாதபடி, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, தூசி படாத இடத்தில் நிறுத்தி உலர்த்த வேண்டும். 78 சுற்று அரக்குத் தட்டுகளில் மட்டும் ஆல்கஹால் கலந்த எந்தக் கரைசலும் படக்கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஈரம் முற்றிலும் போகாமல் உறையிலிட்டால் பூஞ்சை மீண்டும் பிடிக்கும்.

பதிவேடுதான் சேகரிப்பின் உயிர். லேபிளிலுள்ள பட்டியல் எண்ணையும், பாட்டு முடிந்தபின் வரும் வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் அச்சு எண்ணையும், தட்டு அச்சான நாட்டையும் குறிக்க வேண்டும். கொல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியா அச்சிட்ட தட்டுகளை வெளிநாட்டு அச்சுக்கு ஈடில்லை என ஒதுக்குவது தவறு. அயல்நாட்டு ராக் இந்நாட்டு வீடுகளுக்குள் எவ்வாறு நுழைந்தது என்பதற்கு அவையே நேரடிச் சான்று.

இவற்றினும் முக்கியமானது, பாடலை இயற்றியவர் பெயருக்கென ஒரு பத்தி. அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்களிடையே பிறந்த புளூஸ், ராக் தட்டுகளின் லேபிள்களில் அப்பெயர்களாகவே ஒளிந்திருக்கிறது. லெட் செப்பலின் குழுவின் 1969ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் வில்லி டிக்ஸனும், கிரீம் குழுவின் 1968ஆம் ஆண்டு 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' ஆல்பத்தில் ராபர்ட் ஜான்சனும் இவ்வாறு இடம்பெறுகின்றனர். ஜான்சன் 1936, 1937ஆம் ஆண்டுகளில் பதிவுசெய்த பாடல்களின் தொகுப்பு 1961இல்தான் எல்.பி.யாக வந்தது என்பதை அறிந்தவருக்கு, அடுத்து எதைத் தேட வேண்டும் என்பதைப் பதிவேடே சொல்லிவிடும்.

அடுக்கும்போதும் அகரவரிசையை விட்டு, ஒரு ராக் தட்டின் பக்கத்தில் அதன் மூலமான புளூஸ் தட்டை வைப்பது நலம். தட்டுகள் சாயாமல் செங்குத்தாக நிற்க வேண்டும். மொட்டைமாடிக்கு நேர்கீழுள்ள அறையின் பரணும், மாலை வெயில் ஏறும் மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவும் சித்திரை வெப்பத்தில் தட்டுகளை வளைத்துவிடும்.