பனையின் பதநீரும் பருவமும்

வானம் பார்த்த பூமியென வழங்கும் விருதுநகர் நாட்டில், மழையோ ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டரே. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. இவ்வறட்சியே சிவகாசியின் தீப்பெட்டிக்கும் வெடிக்கும் துணையாயிற்று. உழவர்க்கோ அதுவே துயராயிற்று. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது பனை. 1978-ஆம் ஆண்டு முதல் அது தமிழகத்தின் மாநில மரமுமாகும். அதன் பதநீர் பருவத்திற்கேற்ப மாறுமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

இலைகள் வெயிலில் சமைத்த சர்க்கரை, பட்டைக்குழாய்களின் வழியே பாளையை நாடி ஓடுகின்றது. சர்க்கரை செறிந்த குழாய் அருகிலுள்ள நீரை ஈர்க்க, அதனால் எழும் அழுத்தமே சாற்றை உந்துகின்றது. இக்கொள்கையை 1930-இல் விளக்கியவர் எர்ன்ஸ்ட் முன்ச் என்னும் ஜெர்மானிய அறிஞர். பாளையைச் சீவியவிடத்து அவ்வோட்டமே கலயத்தில் சொட்டுகின்றது. குளிர்நாட்டு மேப்பிள் மரத்திலோ, உறைபனியும் உருகலும் மாறி மாறி வருங்கால் நீர்க்குழாயினின்று சாறு வடியும். அதிற் சர்க்கரை நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கே. பதநீரிலோ 10 பங்கிற்கு மேலும் உண்டு.

வறட்சி வந்தால் நிகழ்வது யாது? வேர் தரும் நீர் குறையவே, சாறு செறிந்து இனிப்பு மிகும்; ஆயின் தடித்த சாறு மெல்ல ஓடும், கலயமும் நிறையாது. வறட்சி நீடிப்பின் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். சர்க்கரை ஆக்கமே குன்றும். ஆகவே இனிப்பு மிகுதல் கருப்பட்டி மிகுதலன்று. மழை பெய்தபின் சாறு நீர்த்துப்போமாயின், காய்ச்ச விறகு மிகுதியும் வேண்டும்.

இனி, கலயத்துள் நிகழ்வதைக் காண்போம். காற்றிலுள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் கரும்புச்சர்க்கரையைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் எனப் பிரித்துச் சாராயமாக்கும். பின்னர் அது காடியாகும். பிரிந்த சர்க்கரை மிகுந்தால் கருப்பட்டி கட்டாது இளகும். இதனைத் தடுப்பதே கலயத்தின் உட்புறம் பூசும் சுண்ணாம்பு. கோடை வெப்பத்தில் புளிப்பு விரைவதால், மாசியிற் போதிய சுண்ணாம்பு சித்திரையிற் போதாது.

விடுமுறையொன்றில் சாத்தூர்ப் பக்கத்தே முதிய பனையேறி ஒருவரைக் கண்டு அளவு யாதெனக் கேட்டோம். “கொறஞ்சா புளிச்சுப்போகும், கூடுனா நாக்குப் பொத்துப்போகும், தம்பி. வெயிலப் பாத்துத்தான் தடவணும்” என்றார். அளவுகோலின்றி அவர் கை அறிந்திருந்தது நாம் நூலிற் கற்ற இரசாயனமேயன்றோ! “உங்களுக்குப் பின் ஏறுபவர் யார், ஐயா?” என்றோம். அவர் மரத்தையே நோக்கினார், விடையில்லை.

செங்கற்சூளைக்கு வீழும் பனையை விதைத்து மீட்கலாம். பயன்தர அது பதினைந்து ஆண்டுகளேனும் கேட்கும். ஏறுவாரோடு மறையும் அறிவை எவ்விதையால் மீட்போம்? கற்றோராகிய நாம் அவரிடம் சென்று கேட்டெழுதி வைத்தல் இன்றே செய்யத்தக்க கடனாகும்.