வீட்டுத் தோட்டத்தில் சர்க்கரைவள்ளி: தோண்டும் நாளைத் தள்ளிப்போடாதீங்க

தம்மம்பட்டி, கெங்கவல்லி, ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்கைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. விலை சரியில்லையா, இன்னும் ஒரு மாதம் மண்ணிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவோம். அதே பழக்கத்தில் வீட்டுத் தோட்டத்துச் சர்க்கரைவள்ளியையும் விட்டால், கூன்வண்டு துளைத்த கிழங்குதான் மிஞ்சும். பெயரில் 'வள்ளி' இருந்தாலும் இரண்டும் உறவு கிடையாது. மரவள்ளி, ஆமணக்குக் குடும்பம். சர்க்கரைவள்ளி, குளத்து வள்ளைக்கீரைக்குச் சொந்தம். இதன் கொழுந்தையும் கீரையாகப் பொரிக்கலாம்.

இதன் வயது 110 முதல் 120 நாள். ஆவணிக் கடைசியில் நட்டால் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் வைக்கச் சொந்தக் கிழங்கு கிடைக்கும்.

பத்துக்குப் பத்தடி இடம் போதும். ஆனால் நல்ல வெயில் வேண்டும். மண்ணைக் கொத்தி, 20 முதல் 25 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து, 2 அடிக்கு ஒரு பார் போடுங்க. நோயில்லாத கொடியின் நுனியில் முக்கால் அடி முதல் ஓரடி வரை வெட்டி, இலையோடு 2 நாள் நிழலில் வைத்து நட்டால் வேர் சீக்கிரம் பிடிக்கும். யூரியாவை அள்ளிப் போட வேண்டாம். தழை மட்டும் காடாக வளரும், அடியில் கிழங்கு இருக்காது. படரும் கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டாலும் இதே கதைதான். அதனால் அவ்வப்போது கொடியைத் தூக்கிப் புரட்டிவிடணும்.

இனி கூன்வண்டு. மண் வெடிப்பு வழியாக இறங்கியும், வெளியே தெரியும் கிழங்கிலும் இது முட்டையிடும். 25, 50, 75-ஆம் நாளில் மண் அணைப்பது இந்த வழியை அடைக்கத்தான். வெடிப்பு விழாத அளவுக்கு ஈரமும் இருக்கட்டும். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு இனக்கவர்ச்சிப் பொறியைப் பரிந்துரைக்கிறது. புழு தின்ற கிழங்கு கசக்கும். அதை மாட்டுக்கும் போடக் கூடாது, குப்பைக்குழியிலும் கொட்டக் கூடாது.

உங்கள் பகுதி அலுவலர் ஊருக்கு வரும் நாளை 'உழவன்' செயலியில் பார்த்துக்கொள்ளலாம். சந்தேகம் கேட்க 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

100 நாள் தாண்டியதும் ஒரு கிழங்கை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்க. வெட்டிய இடம் நிறம் மாறாமல் காய்ந்தால் முற்றிவிட்டது. கரும்பச்சையாக மாறினால் இன்னும் சில நாள் பொறுக்கணும். தோண்டுவதற்கு 2, 3 நாள் முன் லேசாகத் தண்ணீர் விட்டால் மண் இளகும். கொடியை அறுத்துவிட்டு, ஓரத்திலிருந்து தோண்டுங்க. மண்வெட்டி பட்ட கிழங்கை முதலில் சமைத்துவிட வேண்டியதுதான். நன்றாக வந்தால் 15 கிலோ எதிர்பார்க்கலாம்.

தோண்டிய அன்றே அவித்துவிட்டு 'இனிப்பே இல்லை' என்று சொல்பவர்கள் உண்டு. கழுவாமல், வெயில் படாத வெதுவெதுப்பான இடத்தில் ஒரு வாரம் பரப்பி வையுங்க. தோல் காயம் ஆறும், இனிப்பும் கூடும். ஃபிரிட்ஜ் மட்டும் வேண்டாம்; குளிரில் கிழங்கு எவ்வளவு அவித்தாலும் உள்ளே கட்டியாக நிற்கும். அடுத்த தடவை நடுவதற்கு நல்ல கொடி நுனிகளை எடுத்து வைத்து, வேறு மூலையில் நடுங்க.