காதால் தேர்ந்தெடுப்போம்

சுங்கை பட்டாணி நகரை ஒட்டிய பாக்கார் ஆராங்கில் வாழும் படிவம் நான்கு மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவனுடைய தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவியவர். அப்பா அருகிலுள்ள தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். கோயில் திருவிழாக்களில் உருமி அடிக்கும் அவனுக்குக் கித்தார் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. நண்பனிடம் இரவல் வாங்கிய கித்தாரில் மூன்று மாதம் பயிற்சி செய்கிறான். விரல் நுனிகள் சிவந்து வீங்குகின்றன. எவ்வளவு அழுத்தினாலும் நாதம் தெளிவாக வரவில்லை. "எனக்கு இசை வராது" என்று சொல்லிக் கித்தாரைத் திருப்பிக் கொடுக்க எடுத்து வைக்கிறான்.

அன்று மாலை வீட்டிற்கு வந்த தாய்மாமா, அந்தக் கித்தாரை மடியில் வைத்துக் கம்பிகளை அழுத்திப் பார்க்கிறார். "குறை உன் விரலில் இல்லை, மாப்பிள்ளை. கம்பி இவ்வளவு உயரத்தில் இருந்தால் யார் வாசித்தாலும் விரல் வலிக்கத்தான் செய்யும். கழுத்தும் வளைந்துவிட்டது" என்கிறார்.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்னும் பழமொழியை நாம் அறிவோம். தன் குறையை மறைக்கப் பிறவற்றின் மீது பழிபோடுவோரை இப்பழமொழி சுட்டுகிறது. எனினும், சில வேளைகளில் கூடம் உண்மையாகவே கோணலாக இருப்பதும் உண்டு. தரமற்ற கருவியில் கற்கத் தொடங்கும் மாணவன், கருவியின் குறையைத் தன் குறையாக எண்ணி இசையையே கைவிட்டுவிடக்கூடும். ஆகவே, நல்ல கித்தாரை அடையாளம் காணும் திறன் தொடக்க நிலையிலேயே தேவைப்படுகிறது.

ஒலி பிறக்கும் விதம்

கித்தாரின் உறுப்புகளை வீணையின் உறுப்புகளோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். வீணையில் உள்ளதைப் போலவே கித்தாரிலும் கம்பிகளைத் தாங்கும் குதிரை உண்டு. சுரங்களைப் பிரிக்கும் மெட்டுகள் உண்டு. சுருதி சேர்க்கும் முறுக்காணிகள் உண்டு. கம்பி மெல்லியது. அது தனியாக அதிர்ந்தால் மிகக் குறைந்த ஒலியே எழும். அந்த அதிர்வு குதிரையின் வழியாக மேற்பலகைக்குச் செல்கிறது. அகன்ற மேற்பலகை அதிரும்போது, பெட்டியின் உள்ளே இருக்கும் காற்றும் அதிர்ந்து ஒலித்துளை வழியே வெளிவருகிறது. எனவே, கித்தாரின் குரலைப் பெரிதும் தீர்மானிப்பது மேற்பலகையே.

இரும்புக் கம்பிக் கித்தாரின் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் விசையுடன் அதன் உடலை இழுக்கின்றன. இது வளர்ந்த மனிதர் ஒருவரின் எடைக்கு நிகரானது. இந்த இழுவையைத் தாங்கும் வலிமையும், மெல்லிய தொடுதலுக்கும் அதிரும் மென்மையும் மேற்பலகைக்கு ஒருங்கே வேண்டும். ஸ்ப்ரூஸ், சிடார் போன்ற மரங்கள் எடை குறைந்தவையாகவும் விறைப்பானவையாகவும் இருப்பதால் மேற்பலகைக்கு ஏற்றவை.

மேற்பலகை முழுமரத்தால் ஆனதா, மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்யப்பட்டதா என்பதைக் கவனிக்க வேண்டும். ஒட்டுப்பலகை எளிதில் வெடிக்காது, விலையும் குறைவு. ஆனால், முழுமரப் பலகை பொதுவாகத் தாராளமாக அதிரும். ஒலித்துளையின் விளிம்பை உற்றுநோக்குங்கள். மேற்பரப்பில் உள்ள மரக்கோடுகள் விளிம்பின் தடிப்பிலும் தொடர்ந்தால் அது முழுமரம். விளிம்பில் அடுக்குகள் தெரிந்தால் அது ஒட்டுப்பலகை.

கண்ணும் கையும் செய்ய வேண்டிய சோதனை

நம் மாணவன், இரண்டு தீபாவளிகளுக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தையும் உருமி அடித்துக் கிடைத்த பணத்தையும் சேர்த்து 800 ரிங்கிட் வைத்திருக்கிறான். மாமாவுடன் இசைக்கருவிக் கடைக்குச் செல்கிறான். அங்கே அவர்கள் செய்யும் சோதனைகளை நீங்களும் செய்யலாம்.

முதலாவது, கழுத்தின் நேர்த்தி. ஒரு கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். இப்போது அந்தக் கம்பி அடிக்கோல் போல நேராக நிற்கும். ஏழாவது மெட்டின் அருகே கம்பிக்கும் மெட்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளி தெரிந்தால் கழுத்து சரியாக உள்ளது. இடைவெளி மிக அதிகமானால் கழுத்து முன்னோக்கி வளைந்துள்ளது என்று பொருள். பெரும்பாலான இரும்புக் கம்பிக் கித்தார்களின் கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு இருக்கும். சிறிய வளைவை அத்தண்டைத் திருகிச் சரிசெய்யலாம்.

இரண்டாவது, கம்பியின் உயரம். பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே தடித்த கம்பி ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் உயரத்திலும், மிக மெல்லிய கம்பி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரத்திலும் இருந்தால் இரும்புக் கம்பிக் கித்தாரை வாசிப்பது எளிது. நைலான் கம்பிகள் அகலமாக அதிர்வதால் அவற்றுக்கு இன்னும் சற்று உயரம் தேவை. உயரம் மிகுந்தால் விரல் வலிக்கும். மிகவும் குறைந்தால் கம்பி மெட்டில் உரசி இரையும். எனவே, ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி வாசித்துப் பாருங்கள். இதற்குச் சில நிமிடங்களே ஆகும். பலர் செய்யத் தவறும் சோதனையும் இதுவே.

மூன்றாவது, குதிரையும் அதன் பின்பகுதியும். குதிரைக்கும் பலகைக்கும் இடையே தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் ஒட்டு விலகத் தொடங்கிவிட்டது. குதிரையின் பின்னால் பலகை பெரிதாகப் புடைத்திருந்தாலும் அந்தக் கித்தாரை வாங்க வேண்டாம்.

நான்காவது, சுரத் தூய்மை. பன்னிரண்டாம் மெட்டு கம்பியின் நீளத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. ஐந்தாம் கம்பியை அழுத்தாமல் மீட்டினால் அது நொடிக்கு 110 முறை அதிரும். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டினால் 220 முறை அதிர வேண்டும். கீழ் 'ச'வும் மேல் 'ச'வும் ஒன்றோடொன்று பொருந்துவது போல இவ்விரண்டு ஒலிகளும் பொருந்த வேண்டும். ஐயம் ஏற்பட்டால் சுருதி காட்டும் கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்தலாம். மேல் மெட்டுகளில் சுருதி விலகும் கித்தாரில் எவ்வளவு திறமையாக வாசித்தாலும் பாடல் இனிக்காது.

மரத்தின் பெயர் ஒலிக்குமா?

கடையில் இரண்டு கித்தார்கள் அருகருகே தொங்குகின்றன. ஒன்றின் பின்பலகை அரிய மரத்தால் ஆனது, விலையும் அதிகம். மற்றொன்று எளிய மரத்தால் ஆனது. அரிய மரம் நிச்சயமாக நன்றாக ஒலிக்கும் என்றே பலரும் எண்ணுவர். இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு.

ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தே தோரெஸ், இன்றைய கித்தாரின் வடிவத்திற்கு வழிவகுத்தவர். அவர் 1862ஆம் ஆண்டில் ஒரு கித்தாரின் பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்தார். மேற்பலகையை மட்டும் வழக்கம்போல மரத்தால் அமைத்தார். கித்தாரின் குரலுக்கு மேற்பலகையே முதன்மையானது என்பதைக் காட்டுவதே அவர் நோக்கம். அந்தக் கித்தார் இன்றும் பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்காக ஆறு கித்தார்கள் ஒரே அமைப்பில் செய்யப்பட்டன. பின்பலகைக்கும் பக்கங்களுக்குமான மரம் மட்டும் வேறுபட்டது. அவற்றுள் மிக விலையுயர்ந்த பிரேசில் ஈட்டி மரமும் இருந்தது. இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஈட்டி மரமும் இருந்தது. விலை குறைந்த மரங்களும் இருந்தன. 52 கித்தார்க் கலைஞர்கள் மங்கிய ஒளியில், பார்வையை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி அணிந்து அவற்றை வாசித்தனர். அவர்கள் ஆறு கித்தார்களுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பீட்டையே அளித்தனர்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. மலேசியக் கித்தார்க் கைவினைஞர் ஜெப்ரி யோங், நம் நாட்டில் கிடைக்கும் மரங்களைக் கொண்டு கித்தார் செய்பவர். அவர் தூங்குமூஞ்சி மரத்தால் செய்த கித்தார், 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த கைவினைஞர் மாநாட்டில் சோதனைக்கு வைக்கப்பட்டது. எந்தக் கித்தார் வாசிக்கப்படுகிறது என்பதை அறியாமல் கேட்டவர்கள் அதையே சிறந்ததாகத் தேர்ந்தெடுத்தனர். மழை வரும் முன்னும் மாலையிலும் இலைகளை மூடிக்கொள்ளும் அந்த மரம், நம் நகரச் சாலையோரங்களில் நிழல் தருவதே. அதன் கீழே நாம் அன்றாடம் நடந்து செல்கிறோம்.

மரம் முக்கியமன்று என்பது இதன் பொருளன்று. வீணை செய்யும் தஞ்சைக் கைவினைஞர்கள் பலா மரத்தையும், நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர்கள் ஆச்சா மரத்தையும் நாடுவதற்குக் காரணம் உண்டு. மரத்தை அறிந்து, அதற்கேற்பச் செதுக்கும் கையே ஒலியை உருவாக்குகிறது. மரத்தின் பெயரும் விலையும் மட்டும் அதைச் செய்வதில்லை. மேலும், அரிய மரங்களை நாடி மனிதர் வெட்டியதால் பிரேசில் ஈட்டி அழிவின் விளிம்புக்குச் சென்றது. 1992ஆம் ஆண்டு முதல் அதன் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டுள்ளது. காது வேறுபாடு காணாத ஒன்றுக்காகக் காடு அழிய வேண்டுமா என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும்.

சுவரை நோக்கி நின்று கேட்டல்

கை, கண் சோதனைகளில் தேறிய மூன்று கித்தார்களை மாமா எடுத்து வைக்கிறார். மூன்றையும் ஒரே சுருதிக்குக் கொண்டு வருகிறார். பழைய கம்பி மந்தமாகவும் புதிய கம்பி பளிச்சென்றும் ஒலிக்கும் என்பதால், கம்பிகளின் நிலையையும் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்கிறார். பின்னர், "நீ சுவரைப் பார்த்து நில். நான் எதை வாசிக்கிறேன் என்று திரும்பிப் பார்க்காதே" என்கிறார். ஒரே பாடலை, ஒரே வேகத்தில், மூன்றிலும் வாசிக்கிறார். மாணவன் தாளில் மதிப்பெண் எழுதுகிறான். வரிசையை மாற்றி மீண்டும் வாசிக்கிறார். மாணவன் மீண்டும் எழுதுகிறான்.

கேட்கும்போது அவன் மூன்றைக் கவனிக்கிறான். தடித்த கம்பியும் மெல்லிய கம்பியும் ஒன்றையொன்று அமுக்காமல் கேட்கின்றனவா? ஒருமுறை மீட்டிய ஒலியின் கார்வை எவ்வளவு நேரம் நிற்கிறது? மெதுவாக மீட்டினாலும் குரல் தெளிவாக எழுகிறதா? உருமியின் இரு முகங்களுக்கும் உள்ள ஒலி வேறுபாட்டைப் பழகிய அவன் காதுகளுக்கு இது புதிய வேலையன்று.

இரண்டு முறையும் அதிக மதிப்பெண் பெற்றது, மூன்றில் நடுத்தர விலை கொண்ட கித்தார். அதில் முத்துச்சிப்பி வேலைப்பாடு இல்லை, மினுமினுப்பும் இல்லை. மடியில் வைத்துப் பத்து நிமிடம் வாசித்துப் பார்க்கிறான். தோள் உயரவில்லை, மணிக்கட்டு மடங்கவில்லை. கையும் காதும் சொன்னதைக் கேட்டு அதையே வாங்குகிறான். மீந்த பணத்தில் ஒரு பெட்டியும் ஒரு தொகுதி புதிய கம்பிகளும் வாங்குகிறான்.

வாங்கிய பின்

மழை நாளில் உருமியின் தோல் தளர்வதை அவன் அறிவான். மரமும் அவ்வாறே ஈரத்தை உறிஞ்சி உப்பும், வறண்டால் சுருங்கும். கித்தாருக்கு ஏற்ற ஈரப்பதம் ஏறத்தாழ 45 முதல் 55 விழுக்காடு. நம் நாட்டுக் காற்றில் ஈரம் இதைவிட அதிகம். எனவே, கித்தாரை வாசிக்காத நேரத்தில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒருபோதும் விட்டு வைக்கக்கூடாது. வெப்பத்தால் பசை இளகிக் குதிரை பெயர்ந்துவிடும். வாசித்து முடித்ததும் கம்பிகளில் படிந்த வியர்வையைத் துடைக்க வேண்டும்.

இசைஞானி இளையராஜா, இசையமைப்பாளராகும் முன்பு பிறருடைய இசைக்குழுக்களில் கித்தார் வாசித்தவர். நீண்ட பயிற்சியே அவரை உயர்த்தியது. நல்ல கருவி அந்தப் பயிற்சிக்குத் தடையாக நிற்காது. பயிற்சியின் இடத்தையும் அது நிரப்பாது. கூடம் கோணலா என்பதை முதலில் சோதித்து அறிவோம். நேராக இருப்பது உறுதியானால், பிறகு ஆட வேண்டியது நாம்தான்.

சிந்தித்து விடையளிக்கவும்

1. இரவல் கித்தாரில் பயின்ற மாணவன் தனக்கு இசை வராது என்று எண்ணியதற்குக் காரணம் என்ன?

2. சுவரை நோக்கி நின்று கேட்குமாறு மாமா கூறியது ஏன்? இம்முறைக்கும் 2018ஆம் ஆண்டு ஆய்வுக்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.

3. விலையையோ பெயரையோ மட்டும் பார்த்து ஒரு பொருளை வாங்கிய அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்பொருளை எவ்வாறு சோதித்து வாங்கியிருக்கலாம் எனக் குழுவில் கலந்துரையாடுக.