பிழைபட்ட நாணயங்கள்: அறியும் முறையும் மதிக்கும் முறையும்

ஏட்டுச்சுவடிகளை ஆராய்வோர் இருவகைக் குற்றங்களைப் பிரித்தறிவர். ஏடெழுதினோன் கைப்பிழையாற் புகுந்தது ஒன்று. பின்னாளிற் செல்லரித்தும் முறிந்தும் நேர்ந்தது மற்றொன்று. நாணயம் தொகுப்போர்க்கும் இப்பாகுபாடே முதற்பாடமாகும். நாணயசாலையை விட்டு நீங்குமுன் நேர்ந்தது பிழை. நீங்கியபின் நேர்ந்த கீறல், வளைவு, தேய்வு யாவும் பழுது. பிழை விலையைக் கூட்டலாம். பழுது குறைக்கவே செய்யும்.

எனவே, நாணயம் பிறக்கும் முறையை அறியாதார் அதன் பிழையை அறிதல் அரிது. உலோகத் தகட்டிலிருந்து வட்டமான வெறுவில்லைகள் வெட்டப்படும். ஒவ்வொரு வில்லையையும் வளையமொன்றினுள் வைத்து, ஈரச்சுக்களுக்கிடையில் இயந்திரம் அழுத்தும். ஆதலாற் பிழைகளும் வில்லைப்பிழை, அச்சுப்பிழை, அடிப்பிழை என மூவகைப்படும்.

வில்லைப்பிழை: வெட்டுங்கருவி முன்னர் வெட்டிய துளையின் மேற் படியுமாயின், வில்லை பிறைவடிவிற் குறைந்துவிடும். அத்தகைய நாணயத்திற் குறைக்கு நேரெதிரேயுள்ள விளிம்பும் பெரும்பாலும் மெலிந்திருக்கும். அரத்தால் அராவிய போலியில் அம்மெலிவு இராது.

அச்சுப்பிழை: பிலடெல்பியா நாணயசாலையில் 1955ஆம் ஆண்டு அடித்த ஒருசத நாணயம் இதற்குச் சிறந்த சான்று. அக்காலத்தில் மூலவுருவை ஒருமுறைக்கு மேல் அழுத்தியே அச்சினை ஆக்கினர். அழுத்தங்களுக்கிடையே அச்சொன்று சிறிது திரும்பிவிட்டமையால், ஆண்டெண்ணும் எழுத்துக்களும் இரட்டித்தன. அவ்வாறானவை 20,000க்கு மேல், ஏனைய நாணயங்களோடு கலந்து வெளிச்சென்றன. இவற்றில் ஈருருவும் திரண்டு பிரிந்து நிற்கும். அடிக்கும்போது அச்சு அசைந்தமையால் தோன்றும் இரட்டிப்போ படிபோலத் தட்டையாயிருக்கும். அதன் மதிப்பு மிகச் சிறிது.

அடிப்பிழை: வில்லை நடுவே அமையாவிடின் உருவம் ஒருபுறம் ஒதுங்க, மறுபுறம் வெறுமையாகும். ஆண்டெண் தெரியும்படி ஒதுங்கியதையே தொகுப்போர் பெரிதும் விரும்புவர். யாழ்ப்பாணத்தரசரின் சேது நாணயங்களிலும் உருவம் ஒதுங்கியிருத்தலைக் காணலாம். அவை கையால் அடிக்கப்பட்டவையாதலின் அஃது இயல்பேயாம். பிழையென்று விலை கூட்டுதல் பொருந்தாது.

இனி மதிக்கும் முறையை நோக்குவாம். அருமை, பிழையின் தெளிவு, நாணயத்தின் நிலை, விரும்புவோர் தொகை என்னும் நான்கும் விலையை நிறுவும். 2008ஆம் ஆண்டு பிரித்தானிய இருபது பென்ஸ் நாணயத்தில் ஆண்டெண் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு மாற்றப்பட்டது. அப்போது பழைய தலையச்சும் புதிய பின்னச்சும் சோடி சேர்ந்தமையால், ஆண்டெண்ணே இல்லாத நாணயங்கள் பிறந்தன. அவை 50,000க்குக் குறையாமையின் விலை மிதமாகவே நிற்கின்றது. மாறாக, 1943ஆம் ஆண்டு போருக்குச் செம்பு வேண்டப்பட்டமையால், அமெரிக்கர் துத்தநாகம் பூசிய உருக்கில் ஒருசத நாணயங்களை அடித்தனர். தவறிப்புகுந்த வெண்கல வில்லைகளில் அவ்வாண்டு அடிபட்டவை மிகச்சிலவே. டென்வரில் அடித்த ஒன்று 2010ஆம் ஆண்டு 17 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று.

விலை உயருமிடத்து வஞ்சகமும் வந்துசேரும். உருக்கு நாணயத்திற்குச் செம்பு பூசி விற்பாருளர். அதனைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். வெண்கல நாணயம் காந்தத்தில் ஒட்டாது. எடையும் சான்றாகும்: வெண்கலம் 3.11 கிராம், உருக்கு ஏறக்குறைய 2.7 கிராம். ஆயின், 1948ஆம் ஆண்டு வெண்கல நாணயத்தில் எட்டை அராவி மூன்றாக்கிய போலி இவ்விரு சோதனைகளையும் கடந்துவிடும். அவ்வாண்டின் உருக்கு நாணயத்திலுள்ள மூன்றோடு ஒப்பிட்டே அதனைப் பிடித்தல் கூடும். ஒரு சோதனையோடு அமைதல் ஆகாது என்பதற்கு இதுவே சான்று.

தொகுக்கத் தொடங்கும் இளைஞர் நுண்ணெடைத் தராசு, காந்தம், உருப்பெருக்குக் கண்ணாடி ஆகிய மூன்றையும் முதலிற் பெறுக. எந்நாணயத்தையும் புளியிட்டோ பொடியிட்டோ துலக்கற்க. துலக்கியதன் மதிப்புக் குன்றும். பணங்கொடுக்குமுன், “இப்பிழை வில்லையிலா, அச்சிலா, அடியிலா நேர்ந்தது?” எனத் தம்மையே வினவுக. விடை பிறவாதாயின் நாணயத்தை விற்போனிடமே விட்டுவருக.