டென்னிஸ் முழங்கை: ஆட்டத்துக்குத் திரும்பும் வழி

பல்லாண்டுகள் டென்னிஸ் ஆடியவர்களுக்கு முழங்கையின் வெளிப்புறத்தில் தோன்றும் வலி, பெரும்பாலும் மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளின் தசைநாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான நார்க்கற்றை, திரும்பத் திரும்ப ஏற்ற சுமையால் நலிவதன் விளைவாகும். முழு ஓய்வு வலியைத் தணித்தாலும் தசைநாணை வலுப்படுத்துவதில்லை என்பதால், இயன்முறை மருத்துவர்கள் படிப்படியாகக் கூட்டப்படும் சுமையையே சிகிச்சையின் மையமாகக் கொள்கின்றனர்.

இத்தகைய சுமைப் பயிற்சிகளுள் 'எக்சென்ட்ரிக்' பயிற்சி, அதாவது தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கும் பயிற்சி, தனிக் கவனத்துக்கு உரியது: முன்கையை மேசைமீது கிடத்தி, உள்ளங்கை கீழ்நோக்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே நிற்குமாறு அரை கிலோ எடையைப் பற்றி, மறுகையின் துணையால் அதனை உயர்த்தி, பின்னர் வலியுள்ள கையால் மட்டும் மிக மெதுவாக இறக்க வேண்டும். மருத்துவரின் அறிவுரைப்படி 10 முதல் 15 முறை கொண்ட 3 சுற்றுகள் செய்யலாம். இலேசான வலி பொறுக்கத்தக்கதே, ஆனால் மறுநாளும் அது கூடியிருப்பின் எடையைக் குறைப்பதே முறை.

மட்டையைத் தொடும் ஆவல் எத்துணை இயல்பானதாயினும், முழுமையாகத் தேறப் பல மாதங்கள் ஆகலாம் என்பதை உணர்ந்து, முதலில் மென்மையான ஃபோர்ஹேண்ட் அடிகளில் தொடங்கி, தசைநாணை மிகுதியாக வருத்தும் ஒருகைப் பேக்ஹேண்டை இறுதிக்கு ஒதுக்குவது நலம். விரல்கள் மரத்துப்போதலோ பிடி தளர்தலோ தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும்.