ஹீட்டிங் டைமர் பழுதா? பாயிலர் மேல் பழி போடாதீர்கள்!

பிரிட்டனில் பழைய வீடுகளில் குடியிருப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள். அக்டோபர் குளிரில் ரேடியேட்டர் சில்லென்று கிடந்தால் எல்லோரும் முதலில் பாயிலரைத்தான் சந்தேகிப்போம். பல வீடுகளில் உண்மையில் பழுதாகியிருப்பது சுவரில் இருக்கும் டைமர். பாயிலர் விலையோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

1. டைமரில் ஹீட்டிங்கை 'எப்போதும் ஆன்' நிலையில் வைத்து, அறை தெர்மோஸ்டாட்டை 30 டிகிரிக்கு ஏற்றுங்கள். பாயிலர் எரியத் தொடங்கினால் டைமரின் கடிகாரப் பகுதிதான் கெட்டிருக்கிறது. முள் வைத்த பழைய டைமர் என்றால், அரை மணி கழித்துப் பாருங்கள். வட்டு நகராமல் நின்றிருந்தால் உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் போய்விட்டது.

2. 'ஆஃப்' செய்த பிறகும் ரேடியேட்டர் சுடுகிறதா? டைமருக்குள் இருக்கும் ரிலே (தானியங்கிச் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் குழாயில் உள்ள மோட்டார் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் இதே தொல்லைதான். அதைப் பார்க்காமல் டைமர் வாங்கினால் காசு வீண்.

3. வாடகை வீடா? ஹீட்டிங்கைப் பழுதுபார்த்துத் தருவது வீட்டு உரிமையாளரின் கடமை. இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எழுத்தில் தெரிவியுங்கள், நீங்களே கை வைக்க வேண்டாம்.

4. டைமரை நீங்களே மாற்றப் போகிறீர்களா? அதில் ஓடுவது 230 வோல்ட். பாயிலர் பக்கத்து ஃபியூஸ் சுவிட்சை அணைத்து, 3 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். சில வீடுகளில் டைமருக்கு வேறொரு இடத்திலிருந்தும் மின்சாரம் வரும். ஆகவே இரண்டு முனை வோல்டேஜ் டெஸ்டரால் சோதியுங்கள். கரண்ட் உள்ள இடத்தில் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று சோதனைக்கு முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியும் ஸ்குரூ டிரைவரை நம்பி உயிரோடு விளையாடாதீர்கள்.

5. நல்ல செய்தி இதுதான். பல கம்பெனி டைமர்கள் சுவரில் பொருத்திய ஒரே மாதிரியான பின்தட்டில், அதாவது பேக்பிளேட்டில்தான் உட்காருகின்றன. அடியில் உள்ள இரண்டு ஸ்குரூவைத் தளர்த்தி மேல்நோக்கிச் சாய்த்தால் டைமர் கழன்று வந்துவிடும். வயர்கள் சுவரில் பேக்பிளேட்டோடு அப்படியே இருக்கும். வெந்நீர், ஹீட்டிங் இரண்டையும் இயக்கும் டைமரில் வழக்கமாக என், எல் என்ற இரண்டு முனைகளோடு 1 முதல் 4 வரை எண்கள் இருக்கும்: 1 வெந்நீர் ஆஃப், 2 ஹீட்டிங் ஆஃப், 3 வெந்நீர் ஆன், 4 ஹீட்டிங் ஆன். புது டைமரும் இதே வரிசை என்றால் அதில் மாட்டினால் போதும்.

6. வரிசை வேறாக இருந்தால், எந்த வயரையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி, அது இருந்த முனையின் பெயரை எழுதுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். 2006-க்கு முந்தைய வயரிங்கில் பெரும்பாலும் சிவப்பும் கறுப்பும்தான்; அந்தக் கறுப்பு பல இடங்களில் நியூட்ரலாக இருக்காது, சுவிட்ச் வழியே வரும் லைவாக இருக்கும். எர்த் வயரை வெட்டி விடாமல் பேக்பிளேட்டில் அதற்குரிய முனையில் முடுக்குங்கள்.

7. ரொம்பப் பழைய வீடுகளில் பம்ப் ரேடியேட்டருக்கு மட்டும்தான். வெந்நீர் டேங்குக்குச் சூடான நீர் தானாகவே மேலேறிப் போகும். இதை கிராவிட்டி முறை என்பார்கள். இங்கே வெந்நீரை ஆன் செய்யாமல் ஹீட்டிங்கை மட்டும் ஆன் செய்ய முடியாது. புது டைமரின் பின்பக்கம் இதற்கென ஒரு சின்ன நகர்த்து சுவிட்ச் இருக்கும். அதை மாற்ற மறந்தால், ஹீட்டிங் மட்டும் ஆன் ஆகும்போது பம்ப் ஓடும், பாயிலர் எரியாது. புது டைமரும் கெட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் முதலில் இந்தச் சுவிட்சைப் பாருங்கள்.

8. டைமர் பாயிலருக்குள்ளேயே பொருத்தியதாக இருந்தால் அதை 'கேஸ் சேஃப்' பதிவு பெற்ற கேஸ் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். கேஸ் பாயிலரின் மூடியைத் திறப்பது நம் வேலை இல்லை. சுவரில் உள்ள டைமரானாலும் வயரிங் புரியவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

9. வேலை முடிந்ததும் வெந்நீரையும் ஹீட்டிங்கையும் தனித்தனியே ஆன், ஆஃப் செய்து பாருங்கள். பிறகு டைமரோடு வந்த கையேட்டை, எடுத்த போட்டோவின் பிரதியோடு ஒரு கவரில் போட்டு பாயிலர் அலமாரியின் கதவில் ஒட்டிவிடுங்கள். அடுத்து வரும் மெக்கானிக் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.